பித்துக்கும் இரத்த அழுத்தத்துக்கும் ஒரே வேர்: சர்ப்பகந்தியின் கல்கத்தா வரலாறு

1931ஆம் ஆண்டு 'இந்தியன் மெடிக்கல் வேர்ல்டு' என்னும் இதழில் கல்கத்தாவைச் சேர்ந்த கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகிய இருவர் ஒரு கட்டுரை வெளியிட்டனர். அதன் ஆங்கிலத் தலைப்பைத் தமிழில் இவ்வாறு பெயர்க்கலாம்: 'ராவுல்ஃபியா செர்பென்டினா: பித்துக்கும் உயர் இரத்த அழுத்தத்துக்குமான ஒரு புதிய இந்திய மருந்து'. சில பக்கங்களே கொண்ட அக்கட்டுரை, மருந்தியல் வரலாற்று நூல்களில் பெரும்பாலும் ஓர் அடிக்குறிப்பாகவே எஞ்சி நிற்கிறது. அந்நூல்கள் கதையின் முதன்மைக் களமாகக் காட்டுவன பாஸ்டன், பாசல், நியூயார்க் ஆகிய நகரங்களே.

மாரடைப்பிலிருந்து மீண்டவருக்கு மனச்சோர்வு வந்தால் அதற்கு மருந்து கொடுக்கலாமா, அம்மருந்து இதயத் துடிப்பைக் குலைக்குமா, கொடுக்காமல் விட்டால் சோர்வே இதயத்தைக் கெடுக்குமா என்னும் கேள்விகள் இன்று உலகெங்கும் மருத்துவமனைகளில் எழுகின்றன. இதயப் பிரிவிலும் மனநலப் பிரிவிலும் அவை தனித்தனியே எழுகின்றன. இரு பிரிவினரும் ஒரே நோயாளியைப் பற்றியே பேசினாலும் ஒருவர் விடை மற்றவரைச் சென்றடைவது அரிது. 1931ஆம் ஆண்டுத் தலைப்பிலோ மனமும் குருதியோட்டமும் ஒரே தொடரில் அருகருகே நின்றன. அவை எப்படிப் பிரிந்தன, பிரிந்தபின் ஒன்று மற்றதன் 'பக்க விளைவு' ஆனது எப்படி என்பதே இவ்வரலாற்றின் மையம். அத்தலைப்பின் மூன்று சொற்கள் அதற்கு வழிகாட்டப் போதுமானவை: 'புதிய', 'இந்திய', இரு நோய்களையும் இணைக்கும் 'உம்'.

1. 'புதிய'

சர்ப்பகந்தி புதியதன்று. வடமொழியில் சர்ப்பகந்தா எனப்படும் இச்சிறு செடியின் வேர் பாம்புக்கடி, காய்ச்சல், வயிற்று நோய், உறக்கமின்மை எனப் பலவற்றுக்கும் நாட்டு மருத்துவத்தில் நெடுங்காலம் பயன்பட்டுவந்தது. பீகாரிலும் அதனையடுத்த பகுதிகளிலும் அதற்கு வழங்கிய ஒரு பெயரே 'பாகல் கீ தவா', அதாவது பைத்தியத்துக்கு மருந்து. மருத்துவ இதழ் 'புதிய மருந்து' என்று அறிவித்த பயன், ஊர்ச் சந்தையில் செடியின் பெயராகவே விளங்கியது.

அறிவியற் பெயரின் கதையும் கல்கத்தாவைத் தொடுகிறது. பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆக்ஸ்பர்க் நகர மருத்துவரும் தாவர ஆய்வாளருமான லியோன்ஹார்ட் ராவுல்ஃப் நினைவாகப் பிரெஞ்சுத் தாவரவியலாளர் ப்ளூமியே இப்பேரினத்துக்குப் பெயரிட்டார். இன்று வழங்கும் முழுப்பெயரை 1877இல் அச்சேற்றியவர் சுல்பிஸ் குர்ட்ஸ். கல்கத்தாவுக்கு எதிரே, ஹூக்ளி ஆற்றின் மேற்கரையிலுள்ள சிப்பூர்த் தாவரத் தோட்டத்தின் உலர்தாவரத் தொகுப்பைப் பேணிய அறிஞர் அவர். அப்பெயரின் எழுத்துமுறையிலும் ஒரு பிளவு உண்டு. ராவுல்ஃபின் பெயரிலுள்ள 'டபிள்யூ' எழுத்து இலத்தீன் வடிவத்தில் 'வி' ஆயிற்று. தாவரவியலார் அதையே பின்பற்றுகின்றனர். மருந்தியலாரோ நெடுங்காலம் 'டபிள்யூ' இட்டே எழுதினர். ஒரே செடி இரு துறைகளின் நூல்களில் இரு எழுத்துகளோடு பதிவாகியிருக்கிறது. இதே செடி பின்னாளில் இரு மருத்துவத் துறைகளுக்கிடையே பிரிந்த பிரிவு, இதைவிடப் பெரியது.

ஆக, 'புதிய' என்னும் சொல் செடியைக் குறிக்கவில்லை. அளவு குறிப்பிட்டு, நோயாளியைப் பார்த்து, இரத்த அழுத்தத்தை அளந்து, ஆங்கில மருத்துவ இதழில் எழுதுதல் என்னும் முறையே அங்குப் புதிது. கையில் சுற்றிக் கட்டும் அழுத்தமானியின் பயன்பாடு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் மருத்துவரிடையே பரவியது. அக்கருவி இல்லாதவரை, பித்தைத் தணிக்கும் வேர் இரத்த அழுத்தத்தையும் தணிக்கிறது என்று எவராலும் சொல்லியிருக்க இயலாது. 'உயர் இரத்த அழுத்தம்' என்னும் நோயே அக்கருவியோடு பிறந்த நோய்.

2. 'இந்திய'

கட்டுரையாசிரியர் இருவரும் இரு மரபுகளையும் அறிந்தவர்கள். மகாமகோபாத்தியாயர் பட்டம் பெற்ற கவிராஜ் கணநாத் சென், கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் ஐரோப்பிய மருத்துவமும் பயின்றவர். உடற்கூற்றியலை வடமொழியில் விளக்கும் 'பிரத்யக்ஷ சாரீரம்' என்னும் நூலை இயற்றியவர். கார்த்திக் சந்திர போஸ் மருத்துவர். நாட்டு மூலிகைகளிலிருந்து மருந்து தயாரித்து விற்ற 'டாக்டர் போஸ் லேபரட்டரி' என்னும் நிறுவனத்தைத் தோற்றுவித்தவர். வைத்திய மரபு, ஐரோப்பிய மருத்துவம், சுதேசி மருந்துத் தொழில் ஆகிய மூன்றும் அக்கட்டுரையில் கூடின.

அதே கல்கத்தாவில், வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில், மருந்தியல் பேராசிரியராக இருந்தவர் ராம்நாத் சோப்ரா. இந்திய மருந்துச் சந்தையின் கலப்படத்தையும் கட்டுப்பாடின்மையையும் ஆராய அரசு 1930இல் அமைத்த குழுவின் தலைவரும் அவரே. நாட்டு மருந்துகள் குறித்த அவரது பெருநூல் 1933இல் வெளிவந்தது. அதே ஆண்டில் அவரும் உடன் ஆய்வாளர்களும் சர்ப்பகந்தி வேரிலிருந்து பிரித்த ஓர் ஆல்கலாய்டின் செயலை விலங்குகளில் ஆராய்ந்து வெளியிட்டனர்.

சென்னைத் தமிழ் வாசகர் இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டைக் கவனிக்கலாம். 1921இல் சென்னை மாகாண அரசு அமைத்த உஸ்மான் குழு, சித்தம், ஆயுர்வேதம், யுனானி ஆகியவற்றைத் தத்தமக்குரிய கோட்பாடு உடைய முறைகளாக ஏற்கவேண்டுமா என்பதை விவாதித்தது. சோப்ராவின் கல்கத்தா அணுகுமுறை வேறு: முறையை விடுத்து மூலிகையை எடு; மூலிகையிலிருந்து செயற்பொருளைப் பிரி; அதைச் சோதி. முதல் அணுகுமுறையில் வேருக்கு ஒரு கோட்பாட்டுச் சூழல் உண்டு. இரண்டாவதில் வேர் வேதிப்பொருள்களின் கொள்கலம். வென்றது இரண்டாவது. அவ்வெற்றியால் விளைந்த நன்மையும் பெரிது. அதில் கைவிடப்பட்டதும் உண்டு.

வேதியியலும் அதே 1931இல் தொடங்கியது. தில்லி திப்பியா கல்லூரியின் ஆய்வகத்தில் சலீமுஸ்ஸமான் சித்திக்கியும் ரஃபத் ஹுசைன் சித்திக்கியும் இவ்வேரிலிருந்து பல ஆல்கலாய்டுகளைப் பிரித்தனர். அவற்றுள் ஒன்றுக்கு, அக்கல்லூரியை நிறுவிய ஹக்கீம் அஜ்மல் கான் நினைவாக 'அஜ்மலின்' என்று பெயரிட்டனர். அம்முடிவுகள் கல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய வேதியியற் சங்கத்தின் ஆய்விதழில் வெளிவந்தன. பின்னாளில் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் அசீமா சாட்டர்ஜி இக்குடும்பத்து ஆல்கலாய்டுகளின் அமைப்பாய்வில் நெடுங்காலம் உழைத்தார். அஜ்மலின் இக்கட்டுரையின் முடிவில் மீண்டும் வரும்.

3. 'உம்'

சென்னும் போஸும் எழுதியதன் சாரம் எளிது. வேர்ப்பொடியை 20 முதல் 30 கிரெயின் வரை, அதாவது ஏறத்தாழ 1.3 முதல் 2 கிராம் வரை, நாளுக்கு இருமுறை கொடுத்தால் உறக்கம் வருகிறது. வெறிகொண்ட நிலை தணிகிறது. இரத்த அழுத்தமும் குறைகிறது. எது முதன்மை விளைவு, எது துணை விளைவு என்று அவர்கள் தரம் பிரிக்கவில்லை. தலைப்பிலேயே இரண்டையும் 'உம்' சேர்த்து நிறுத்தினர்.

இதைப் பெரும் தத்துவ நோக்கின் விளைவாகக் கொள்ளவேண்டியதில்லை. கட்டுப்பாட்டுக் குழு இல்லை. போலி மருந்தோடு ஒப்பீடு இல்லை. இன்றைய அளவுகோலில் அது வெறும் மருத்துவ அவதானம். மருந்து விற்பனையாளருக்கு இரு பயன் சொல்வதில் ஆதாயமும் உண்டு. ஆயினும் அவதானம் பிழையன்று. பிற்கால ஆய்வு, அவ்விரண்டு விளைவும் ஒரே வேதிச் செயலின் இரு முகங்கள் என்றே காட்டியது.

அக்காலக் கல்கத்தாவில் மனநோய்க்கு வேறொரு வழியும் தேடப்பட்டது. 1922இல் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை நிறுவிய கிரீந்திரசேகர் போஸ், 1933இல் கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில் மனநோயாளருக்கான வெளிநோயாளர் பிரிவைத் தொடங்கினார். பொது மருத்துவமனையொன்றில் அத்தகைய பிரிவு அமைந்தது ஆசியாவில் அதுவே முதல்முறை எனக் கருதப்படுகிறது. அதே நகரில், ஒரே பதிற்றாண்டில், பேச்சால் மனத்தை அணுகும் முயற்சியும் வேரால் அணுகும் முயற்சியும் நடந்தன. அவற்றோடு இதயக் குழாய்களின் அழுத்தத்தை அளப்பதும் சேர்ந்தது. மூன்றையும் ஒரே நோயாளியிடம் சேர்த்துப் பார்க்கும் வாய்ப்பு அந்நகருக்கு இருந்தது. அவ்வாய்ப்பு ஆய்வு நிரலாக வளரவில்லை. 1943இல் குப்தா, தேப், காஹாலி ஆகியோர் மனநோய்களில் சர்ப்பகந்தியின் பயனைப் பற்றி 'இந்தியன் மெடிக்கல் கெசட்' இதழில் எழுதினர். அது போரும் பஞ்சமும் வங்காளத்தை உலுக்கிய ஆண்டு.

4. பிரிவு

மேலையுலகம் இச்செடியைக் கவனித்தது 1949க்குப் பிறகே. பம்பாய் இதய மருத்துவர் ரஸ்தம் ஜால் வகீல், உயர் இரத்த அழுத்தமுடைய 50 பேரிடம் இவ்வேரின் பயனை ஆராய்ந்து, இலண்டனிலிருந்து வெளிவந்த 'பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னல்' இதழில் எழுதினார். இதழின் பெயரிலேயே இதயம் இருந்தது. கட்டுரையும் இதயக் குழாய் நோயைப் பற்றியதே. பாஸ்டனில் ராபர்ட் வில்கின்ஸ் அதைத் தொடர்ந்து ஆராய்ந்தார். 1952இல் ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரிலுள்ள சீபா நிறுவன ஆய்வாளர்கள் முல்லர், ஷ்லிட்லர், பைன் ஆகியோர் வேரின் முதன்மைச் செயற்பொருளைப் பிரித்து 'ரெசர்பைன்' என்று பெயரிட்டனர். 1954இல் நியூயார்க் மாநிலத்தின் ராக்லாண்டு அரசு மனநோய் மருத்துவமனையில் நேதன் க்ளைன் அதனை மனநோயாளரிடம் பயன்படுத்திய முடிவுகளை வெளியிட்டார்.

இவ்வாறு ஒரே பொருள் இரு துறைகளுக்குள் இரு மருந்துகளாகப் புகுந்தது. இதய மருத்துவருக்கு அது இரத்த அழுத்த மாத்திரை. நோயாளி மந்தமானால் அது பக்க விளைவு. மனநோய் மருத்துவருக்கு அது அமைதி தரும் மாத்திரை. அழுத்தம் வீழ்ந்தால் அது பக்க விளைவு. 1957ஆம் ஆண்டு லாஸ்கர் விருது பெற்றோர் வரிசையில் வகீலும் க்ளைனும் சேர்ந்தே இடம்பெற்றனர். கல்கத்தாத் தலைப்பின் இரு பாதிகளும் ஒரு விருது மேடையில் மீண்டும் சந்தித்தன எனலாம். கணநாத் சென் அப்போது உயிருடன் இல்லை.

5. இதயத்திலிருந்து பிறந்த மனச்சோர்வுக் கோட்பாடு

1954இல் வாஷிங்டன் நகர மருத்துவர் எட்வர்டு ஃப்ரைஸ், உயர்ந்த அளவில் நெடுநாள் ரெசர்பைன் உட்கொண்ட இரத்த அழுத்த நோயாளர் சிலரிடம் மனச்சோர்வு தோன்றியதாக எழுதினார். அடுத்தடுத்து இத்தகைய செய்திகள் வந்தன. 'ரெசர்பைன் மனச்சோர்வு' என்னும் தொடர் பாடநூல்களில் இடம்பெற்றது.

காரணம் தேடியவர்களுள் முதன்மையானவர் பெர்னார்டு புரோடி. அவரது ஆய்வகம் அமெரிக்க அரசின் தேசிய இதய நிறுவனத்தைச் சேர்ந்தது. 1955இல் அவரும் உடன் ஆய்வாளர்களும், ரெசர்பைன் மூளையின் செரோடோனின் இருப்பைக் காலி செய்கிறது என்று காட்டினர். ஸ்வீடனில் அர்விட் கார்ல்சன் குழுவினர் 1956இல் முயலின் இதயத்திலிருந்தே நார்அட்ரினலின் போன்ற பொருள்கள் ரெசர்பைனால் வெளியேறுவதைக் கண்டனர். ரெசர்பைன் கொடுக்கப்பட்டு அசைவற்றுக் கிடந்த விலங்குகள் எல்-டோபா கொடுத்ததும் எழுந்து நடமாடியதை 1957இல் அறிவித்தனர்.

செயல்முறை இதுவே. நரம்பு முனைகளில் நார்அட்ரினலின், டோபமின், செரோடோனின் ஆகியவை நுண்ணிய பைகளில் சேமிக்கப்படுகின்றன. ரெசர்பைன் அப்பைகளுக்குள் அவற்றை ஏற்றும் புரதத்தைத் தடுக்கிறது. வெளியே நிற்பவை சிதைக்கப்பட, இருப்பு வற்றுகிறது. இரத்தக் குழாய்களிலும் இதயத்திலும் முடியும் நரம்புகளில் இது நிகழும்போது அழுத்தமும் துடிப்பும் குறைகின்றன; மூளையில் நிகழும்போது கிளர்ச்சி தணிகிறது. சென்னும் போஸும் தலைப்பில் இட்ட 'உம்' உயிர்வேதியியலில் இவ்வாறு விளக்கம் பெற்றது.

இதிலிருந்து ஒரு கோட்பாடு எழுந்தது. ரெசர்பைன் இப்பொருள்களைக் குறைக்கிறது. ரெசர்பைன் சோர்வைத் தருகிறது. ஆகவே இப்பொருள்களின் குறைவே மனச்சோர்வு. 1965இல் ஜோசஃப் ஷில்ட்க்ராட் நார்அட்ரினலினை மையமாக்கி எழுதிய கட்டுரை இதற்குத் திட்ட வடிவம் தந்தது. செரோடோனினை மையமாக்கிய வடிவமும் உடன் வளர்ந்தது. ஒரு புதிய பொருள் மனச்சோர்வு நீக்கியாகுமா என்பதை அறிய, ரெசர்பைனால் சோர்ந்த எலியை அது எழுப்புகிறதா என்று பார்ப்பது ஆய்வகங்களின் வழக்கமாயிற்று. கல்கத்தாவில் பித்தைத் தணித்த வேர், மனச்சோர்வு மருந்துகளுக்கு உரைகல் ஆனது.

அவ்வுரைகல்லின் அடித்தளம் அத்துணை உறுதியானதன்று. 1955லேயே இலண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையின் டேவிஸ், ஷெப்பர்டு ஆகியோர், பதற்றமும் சோர்வும் உடைய நோயாளரைக் குலுக்கல் முறையில் பிரித்து, போலி மருந்தோடு ஒப்பிட்டு ரெசர்பைனைச் சோதித்தனர். பெற்றவர்கள் மோசமாகவில்லை; நலமடைந்தனர். அக்காலத்தில் மிகச் செவ்விய முறையில் நடந்த ஆய்வுகளுள் ஒன்றான அது மறக்கப்பட, கட்டுப்பாடற்ற சில நோயாளர் விவரங்கள் நிலைத்தன. 2003இல் பவ்மைஸ்டரும் உடன் ஆசிரியர்களும் அச்சான்றுகளை மீளாய்ந்து, 'ரெசர்பைன் மனச்சோர்வு' பெரிதும் ஒரு தொன்மமே என்ற முடிவுக்கு வந்தனர். கோட்பாட்டுக்குப் பொருந்திய சான்று பாடநூலில் தங்கியது. பொருந்தாதது நூலகத்தில் தங்கியது.

ஃப்ரைஸின் பெயர் இன்னொரு செய்திக்காகவும் நினைவுகொள்ளத் தக்கது. உயர் இரத்த அழுத்தத்துக்குச் சிகிச்சை அளிப்பது உயிர்காக்கும் என்று 1967இல் ஐயத்துக்கிடமின்றி நிறுவிய அமெரிக்கப் படைவீரர் மருத்துவமனைகளின் ஆய்வை வழிநடத்தியவர் அவரே. அதில் பயன்பட்ட கூட்டு மருந்துகளுள் ரெசர்பைனும் ஒன்று. மனத்துக்கு அது ஆகாது என்று எச்சரித்தவரே இதயக் குழாய்களுக்கு அதன் பயனை மெய்ப்பித்தார்.

6. மறுதிசைப் பயணம்

இரத்த அழுத்த மருந்து மனத்தைத் தொட்டது வரலாற்றின் முதற்பகுதி. மனச்சோர்வு மருந்துகள் இதயத்தைத் தொட்டது இரண்டாம் பகுதி.

1957இல் இருவகை மனச்சோர்வு நீக்கிகள் அறியப்பட்டன. ஒன்று, காசநோய்க்காக உருவான ஐப்ரோனியாசிட். அவ்வகை மருந்தை உட்கொண்டவர்கள் முதிர்ந்த பாலாடைக்கட்டி தின்றால் இரத்த அழுத்தம் திடீரென உச்சத்துக்கு ஏறி மூளை இரத்தக்கசிவு வரை செல்லலாம் என்பதை 1963இல் இலண்டனில் பேரி பிளாக்வெல் வெளிப்படுத்தினார். மற்றொன்று, ஸ்விட்சர்லாந்தில் ரோலண்டு குன் கண்டறிந்த இமிப்ரமின். மூவளைய வகை என வழங்கும் இவை, இதயத் தசையின் சோடியம் வாயில்களைத் தடுத்து மின்னோட்டத்தை மெதுவாக்குபவை. மிகை அளவில் உட்கொண்டால் துடிப்பு சிதறி உயிர் போகும். தற்கொலை எண்ணம் உடையவரின் கையிலேயே அம்மருந்தைக் கொடுக்கவேண்டியிருந்தது மருத்துவரின் நீங்காத தர்மசங்கடம்.

சோடியம் வாயிலைத் தடுக்கும் பண்பு முதலில் பயனுள்ளதாகவும் கருதப்பட்டது. துடிப்பு ஒழுங்கின்மையைத் திருத்தும் மருந்துகளின் பண்பும் அதுவே. ஆனால் மாரடைப்புக்குப்பின் அத்தகைய மருந்து பெற்றவர்களே அதிகம் இறந்தனர் என்று 1989இல் 'காஸ்ட்' ஆய்வு காட்டியது. அதன்பின் மாரடைப்பு வந்தவருக்கு மூவளைய மருந்து தருவதில் அச்சம் கூடியது.

அதேவேளை சோர்வைச் சும்மா விடுவதும் ஆபத்து என்பது தெரியவந்தது. 1993இல் மான்ட்ரியாலில் நான்சி ஃப்ரேஷர்-ஸ்மித் குழுவினர் மாரடைப்பு வந்த 222 பேரைத் தொடர்ந்து கவனித்து, மனச்சோர்வு உடையோர் ஆறு மாதத்துக்குள் இறக்கும் வாய்ப்பு பன்மடங்கு என்று அறிந்தனர். 2014இல் அமெரிக்க இதயச் சங்கம், தீவிர இதய நோய்க்குப்பின் வரும் மனச்சோர்வை இடர்க்காரணி என ஏற்கப் பரிந்துரைத்தது.

இடையில் செரோடோனின் மறுஏற்பைத் தடுக்கும் புதுவகை மருந்துகள் வந்தன. 2002இல் வெளியான 'சாட்ஹார்ட்' ஆய்வு, மாரடைப்பு அல்லது நிலையற்ற நெஞ்சுவலியால் மருத்துவமனை சேர்ந்த மனச்சோர்வுடைய 369 பேரிடம் செர்ட்ரலினைச் சோதித்தது. இதயத்தின் இறைக்கும் திறனை அது கெடுக்கவில்லை. கடும் இதய நிகழ்வுகள் மருந்து பெற்றோரிடம் 14.5 விழுக்காடும் பெறாதோரிடம் 22.4 விழுக்காடும் நேர்ந்தன. ஆனால் எண்ணிக்கை சிறிதாகையால் அவ்வேறுபாட்டை உறுதியெனக் கொள்ள முடியவில்லை. 2003இல் 2,481 பேரைக் கொண்ட 'என்ரிச்ட்' ஆய்வில், முதன்மையாக உளவழிச் சிகிச்சை சோர்வைக் குறைத்தது. உயிரிழப்பையும் மறு மாரடைப்பையும் குறைக்கவில்லை. 2018இல் தென்கொரியாவிலிருந்து வந்த 300 பேர் ஆய்வில், எஸ்சிட்டலோபிராம் 24 வாரம் பெற்றோரிடம் எட்டாண்டுக்கும் மேற்பட்ட தொடர்கவனிப்பில் கடும் இதய நிகழ்வுகள் 40.9 விழுக்காடு, போலி மருந்து பெற்றோரிடம் 53.6 விழுக்காடு. இதற்கிடையே 2011இல் அமெரிக்க மருந்து நிருவாகம், சிட்டலோபிராம் உயர்ந்த அளவில் இதய மின்வரைவின் 'கியூடி' இடைவெளியை நீட்டி ஆபத்தான துடிப்பைத் தூண்டலாம் என எச்சரித்து, நாளுக்கு 40 மில்லிகிராமை மேல்வரம்பாக்கியது. 60 வயதைக் கடந்தவர்க்கு வரம்பு 20 மில்லிகிராம் ஆயிற்று.

ஆக, 'மனச்சோர்வு மருந்து இதயத்துக்குக் கெடுதியா' என்னும் கேள்விக்கு ஒரே விடை இல்லை. எம்மருந்து, எவ்வளவு, எவருடைய இதயம் என்பவை சேர்ந்தே விடையாகின்றன. ஆகவே அஞ்சி மருந்தைத் தாமாக நிறுத்துவதும், ஆராயாமல் தொடர்வதும் ஒரே தவற்றின் இரு வடிவங்கள்.

அஜ்மலினின் கதையும் இங்கேதான் வந்து சேர்கிறது. 1992இல் ஸ்பானிய மருத்துவர்களான புருகாடா சகோதரர்கள், பார்வைக்கு நலமான இதயம் உடையோரைத் திடீரென மாய்க்கும் துடிப்புக் கோளாறு ஒன்றை விவரித்தனர். அது மின்வரைவில் மறைந்து கிடப்பது. அதை வெளிக்கொணர மருத்துவமனையில் கண்காணிப்போடு செலுத்தப்படும் மருந்துகளுள் ஒன்று அஜ்மலின். அதே கோளாறு உடையவர்கள் தவிர்க்கவேண்டிய மருந்துகளின் பட்டியலில் மூவளைய மனச்சோர்வு நீக்கிகள் உள்ளன. காரணம், அஜ்மலினைப்போல் அவையும் சோடியம் வாயிலைத் தடுப்பவை. 1931இல் ஒரே வேரிலிருந்து கிளைத்த இரு பாதைகளும், ஒன்று மனச்சோர்வுக் கோட்பாட்டின் வழியாகவும் மற்றொன்று இதயத் துடிப்பின் வழியாகவும் நெடுந்தொலைவு சென்று, ஒரே வாயிலின் முன் சந்திக்கின்றன.

7. 'பக்க' விளைவு

'பக்க விளைவு' என்னும் தொடரில் 'பக்க' என்பது மருந்தின் பண்பைக் குறிக்கவில்லை; பார்ப்பவர் நிற்கும் இடத்தைக் குறிக்கிறது. மருந்துக்கு நேர் விளைவு, பக்க விளைவு என்ற வேறுபாடு தெரியாது. நரம்பு முனை மூளையில் இருப்பினும் இதயத்தில் இருப்பினும் அது செய்வதைச் செய்கிறது. எவ்விளைவு விரும்பத்தக்கது, எது தற்செயலானது என்று வகுப்பது சிகிச்சைத் துறை. துறை மாறினால் பக்கமும் மாறும்.

துறைப் பிரிவைப் பழிப்பது எளிது. அதன் கொடையை மறுப்பது நேர்மையன்று. செயற்பொருளைப் பிரித்ததனால்தான் அளவு துல்லியமாயிற்று. ஒப்பீட்டு ஆய்வினால்தான் 'காஸ்ட்' போன்ற கசப்பான உண்மைகள் வெளிவந்தன. சென்னும் போஸும் அவற்றைச் செய்திருக்க இயலாது. ஆனால் பிரித்தபின் மீண்டும் சேர்த்துப் பார்க்க அறுபது ஆண்டுகளுக்கும் மேலாயிற்று. மாரடைப்பு வந்தவரின் சோர்வு 'இயல்பான வருத்தம்' என்று இதயப் பிரிவில் ஒதுக்கப்பட்டது. சோர்வுற்றவரின் மின்வரைவு மனநலப் பிரிவில் எடுக்கப்படாமல் போனது. இழந்தவர்கள் நோயாளிகள்.

சர்ப்பகந்திச் செடியும் இழந்தது. உலகத் தேவை பெருகி, காடுகளில் வேரோடு பிடுங்கப்பட்டது. வேரே மருந்தாகையால் எடுப்பது என்றாலே கொல்வதுதான். 1990இல் அது பன்னாட்டு வணிகம் கட்டுப்படுத்தப்பட்ட உயிரினங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ரெசர்பைனும் புதிய மருந்துகளுக்கு வழிவிட்டுப் பெரும்பாலும் ஒதுங்கிவிட்டது.

சிப்பூர்த் தோட்டமும் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியும், ஆர்.ஜி. கர் எனப் பெயர்மாறிய பழைய கார்மைக்கேல் கல்லூரியும் இன்றும் கொல்கத்தாவிலும் அதன் எதிர்க்கரையிலும் இயங்குகின்றன. செடிக்குப் பெயர் அச்சான இடம், அதன் செயல் சோதிக்கப்பட்ட இடம், மனநோயாளர் பொது மருத்துவமனைக்குள் வந்த இடம் ஆகிய மூன்றும் ஒரே நாளில் சென்று பார்த்துவிடக் கூடியவை. இவற்றின் வரலாறுகள் தாவரவியல், மருந்தியல், மனநல மருத்துவம் எனத் தனித்தனி அலமாரிகளில் இருக்கின்றன. மருத்துவ வரலாற்று மாணவர் அவற்றைச் சேர்த்துப் படிக்கத் தொடங்கினால், 1931ஆம் ஆண்டுக் கட்டுரை அடிக்குறிப்பிலிருந்து மேலேறும். அதைவிட, மாரடைப்புக்குப்பின் கட்டிலில் வாய்பேசாமல் கிடப்பவரைச் சுற்றி இரு துறை மருத்துவர்களும் ஒருங்கே நிற்பது எளிதாகும். அத்தலைப்பின் 'உம்' கேட்டது அவ்வளவே.